மூன்று ஆப்பும் ஒரு லாடமும்

மாமியாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. எனக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதுவும் தரையில் இல்லை.

என் மாப்பிள்ளைக்குப் பேர் இருக்கிறது. நான் சொன்னதில்லை. (இப்ப திடீர்னு சொன்னா அவரே யாரையோ கூப்பிடுறாங்கன்னு போயிருவாரு.) என் மகள் வசந்தாவைக் கட்டிய நாளிலிருந்து, அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போவேன். தண்ணீர் கேட்டு அடுப்படிக்கு வந்தால் கொல்லைக்குப் போவேன். அவருக்கு என் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும்.

அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். திரும்பியவர்கள் எல்லாரும் மாடி கட்டுவார்கள், கடை வைப்பார்கள். இவர் பிளேன் ஓட்டப் படித்தார். சிநேகிதர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு குட்டிப் பிளேன் வாங்கி, தெற்கே ஒரு பழைய ஓடுதளத்தில் நிறுத்தியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம். விராலிமலைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் இதைவிட இடம் தாராளம்.

எங்கள் ஊரில் அவருக்கு "வானத்துல மேயுறவரு" என்று பட்டப்பேர் விழுந்துவிட்டது. வைத்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார் காத்தாயி. அந்தப் பேரைக் கேட்டு வசந்தா அழுதாள். நான் அழவில்லை. மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எங்கள் அய்யனார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பக்கத்து ஊரில் ஹெலிகாப்டர் பிடித்துக் கலசத்தின் மேல் பூத் தூவினார்களாம். நாமும் தூவ வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரே பேச்சு. என் வீட்டுக்காரர் எழுந்து, "எங்க மாப்பிள்ளைகிட்டப் பிளேன் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டார். ஊர் ஒத்துக்கொண்டது. வாங்க வேண்டிய அனுமதியை எல்லாம் பெரியவர்கள் அலைந்து வாங்கினார்கள். பூ சரியாக விழுந்துவிட்டால் மாப்பிள்ளைக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை.

காத்தாயி அங்கேயே சவால் விட்டார். "பூ விழுகட்டும். அந்தப் பரிவட்டத்தைத் தாம்பாளத்துல வச்சு நானே ஏந்திக்கிட்டு வாரேன்."

"விழுகலேன்னா மதினி?" என்று கேட்டேன்.

"விழுகலேன்னா நான் எதுக்குடி சொல்லப்போறேன். ஊரே சொல்லும்."

ஆக, எங்கள் வீட்டு மானம் ஒரு கூடைப் பூவில் வந்து நின்றது.

பிளேனை மாப்பிள்ளை ஓட்டுவார். பூவை யார் கொட்டுவது? வசந்தாவுக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி. என் வீட்டுக்காரரை ரேஷன் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்த மாப்பிள்ளை, "மாமாவும் பூவும் சேந்தா பிளேன் எந்திரிக்காது" என்றார். ஒவ்வொருவராக ஏற்றி இறக்கி, கடைசியில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னையும் ஏற்றினார்கள். நான்தான் சரியான எடை. (ஒல்லியாப் பொறந்ததுக்கு அன்னைக்குத்தான் வருத்தப்பட்டேன்.)

ஓடுதளத்துக்குப் போய்ப் பிளேனுக்குள் எட்டிப் பார்த்தேன். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டவட்டமாக ஓட்டை.

"என்ன மாப்ள, இங்கிட்டு ஓட்டையாக் கெடக்கு?"

"பழைய மீட்டரெல்லாம் ரிப்பேருக்குப் போயிருக்கு அத்தை. தெசை காட்டுற டப்பாவுல இருந்த எண்ணெயும் ஒழுகுச்சு, கழட்டிட்டேன். இப்ப அம்புட்டும் இந்த ஃபோன்லயே இருக்கு."

ஒரு ஸ்டாண்டில் அவருடைய ஃபோன் மாட்டியிருந்தது.

"ஃபோனு பிளேன் ஓட்டுமா?"

"ஓட்டுறது நான்தான். எவ்வளவு ஒசரம்னு ஒரு ஆப்பு, சாஞ்சிருக்கமா நேரா இருக்கமான்னு ஒரு ஆப்பு, எங்கிட்டுப் போறோம்னு ஒரு ஆப்பு. மூணு ஆப்பு வச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ஒரு ஆப்பு வைத்தாலே மனுசன் எழுந்திருக்க மாட்டான். இவர் மூன்று வைத்துக்கொண்டு பறக்கப் போகிறார்.

அவர் பெட்ரோல் பார்க்கப் பின்னால் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

கறிச்சோறு கட்டி அடுத்த தெருவுக்கு அனுப்பினாலே, காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க ஒரு ஆணியோ கரித்துண்டோ சேர்த்து வைத்து அனுப்புகிறவள் நான். ஒரு கூடை மல்லிகையும் செவ்வந்தியும் மணக்க மணக்க ஆகாயத்தில் கொண்டு போகிறோம். அங்கே என்னென்ன திரிகிறதோ! அதனால் வீட்டு நிலைவாசலில் அடித்திருந்த குதிரை லாடத்தைப் பெயர்த்து, எலுமிச்சம்பழம், மிளகாயோடு கறுப்புக் கயிற்றில் கோத்து மடியில் வைத்திருந்தேன். நல்ல கனமான இரும்பு. எங்கே கட்டுவது? எல்லாம் ஃபோனில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். காவலும் ஃபோனுக்குத்தானே போட வேண்டும்? ஸ்டாண்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி, ஃபோன் முதுகோடு முதுகாக இறுக்கிக் கட்டிவிட்டேன்.

பிளேன் கிளம்பியது. என் தோள் மாப்பிள்ளை தோளில் பட்டுவிடக்கூடாதே என்று கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன்.

"அத்தை, கொஞ்சம் இங்கிட்டு நகந்து உக்காருங்க. பிளேன் ஒங்க பக்கம் சாயுது."

"இருக்கட்டும் மாப்ள, எனக்குப் பரவால்ல."

"ஒங்களுக்குப் பரவால்ல. பிளேனுக்குப் பரவால்லயா?"

ஃபோனில் மேலே நீலம், கீழே செம்மண் நிறம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு என் பக்கமாகச் சரிந்து கிடந்தது. நான் ஒரு சாண் நகர்ந்தால் கோடு கொஞ்சம் நிமிர்ந்தது. வெட்கப்பட்டு ஒதுங்கினால் மறுபடி சரிந்தது. மாமியார் மரியாதையை அளக்கவும் ஒரு மீட்டர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஃபோனில் மேப் வெள்ளையாக நின்றுவிட்டது. "டவர் கெடைக்கல. பரவால்ல அத்தை, தெசை காட்டுற ஆப்பு இருக்கு. அது டவரு கேக்காது" என்று மாப்பிள்ளை அதைப் பார்த்தே திருப்பினார். அது முதுகில் லாடத்தைச் சுமந்துகொண்டு, அவரைப் பார்த்து ஒரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் கீழே பார்த்தேன். ஒரே முந்திரிக்காடு. எங்கள் பக்கம் இத்தனை முந்திரி ஏது? எங்கேயிருந்து பார்த்தாலும் தெரிகிற விராலிமலையையும் காணோம். ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து "வழி தப்பு" என்று ஒரு மாமியார் எப்படிச் சொல்வது? மரியாதையாகக் கேட்டேன்.

"மாப்ள, மலை எங்கிட்டாச்சும் போயிருச்சா?"

"பனி மூட்டம் அத்தை. மறைச்சிருக்கும்."

மலையைப் பனி மறைக்கலாம். முந்திரியைப் பனி முளைக்க வைக்குமா?

அதற்குள் கீழே மேளச்சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. வேட்டு வெடித்துப் புகை எழுந்தது. ஜனக்கூட்டம். நடுவே பூவால் மூடிய சப்பரம் அசைந்து அசைந்து போனது. "அந்தா மாப்ள!" என்று கத்தினேன். அவர் தாழ்த்தினார். நான் அய்யனாரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கூடையைக் கவிழ்த்தேன். கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். நானும் கையை ஆட்டினேன், தேரில் போகிற ராணி மாதிரி.

அந்த நேரம் பார்த்து டவர் கிடைத்து ஃபோன் அடித்தது. உயரம் காட்டுகிற ஆப்பு, சாய்வு காட்டுகிற ஆப்பு, எல்லாம் மறைந்து அங்கே என் நாத்தனார் படம் வந்து நின்றது. கட் பண்ணுவதாக நினைத்து எதையோ தொட்டேன். ஸ்பீக்கரில் வந்தார்.

"அடியே செவந்தி, எங்கடி இருக்கீங்க? கலசத்துல தண்ணி ஊத்தியாச்சு. கருடன் வந்து மூணு சுத்துச் சுத்திட்டுப் போயிருச்சு. அதுக்கு ஃபோனு கெடையாது, சரியா வந்துருச்சு. நீங்க எங்க?"

"பூவைப் போட்டாச்சு மதினி!"

"எங்கடி போட்ட?"

நானும் மாப்பிள்ளையும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் பதில் தேடுவதற்குள் வெயிலில் காய்ந்த ஃபோன் சூடேறி, ஏதோ எழுத்துக் காட்டிவிட்டு அணைந்துபோனது. மூன்று ஆப்பும் போச்சு. மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்து, ரயில் தண்டவாளத்தைப் பார்த்து, ஒருவழியாக ஓடுதளத்தைப் பிடித்துவிட்டார். இறக்குவதுதான் பாக்கி.

"அத்தை, ஒசரம் எவ்வளவுன்னு தெரியலயே" என்று முணுமுணுத்தார். என் மகள் தாலி அவர் கையில் இருந்தது. வெட்கத்தை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு அவர் பக்கம் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் பாக்குறேன். நீங்க ஓட்டுங்க. மூணு பனமர ஒசரம்... ரெண்டு பனமரம்..."

"அப்புறம்?"

"ஒரு தென்னமரம். இன்னும் எறக்குங்க. வைக்கப்போரு ஒசரம்... வேலி ஒசரம்... ஆட்டுக்குட்டி..."

டொம்மென்று ஒரு குதி. பிறகு தரை.

மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்து ஃபோன் ஸ்டாண்டின் மேல் சாய்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தவர் மெதுவாக நிமிர்ந்தார். கையில் எலுமிச்சம்பழம். அதைத் தொடர்ந்து மிளகாய். அதைத் தொடர்ந்து லாடம்.

"அத்தை, இது என்ன?"

"காவல் மாப்ள."

"இரும்பு பக்கத்துல இருந்தா தெசைகாட்டி தப்பாக் காட்டும் அத்தை."

"எனக்கு யாரு சொன்னா? நீங்க மூணு ஆப்பு வச்சதைச் சொன்னீங்க. இரும்பு ஆகாதுன்னு சொல்லலையே."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரியாதை தெரிந்தவர் ஆகையால் இரண்டையும் அடக்கிக்கொண்டார். "தப்பு என் மேலதான் அத்தை. நல்ல மீட்டர் இல்லாம ஏறியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குத் திரும்பினோம். பரிவட்டத்தை மடித்து வைத்துவிட்டார்கள். காத்தாயி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன மாதிரியே ஊர்தான் பேசியது. மாப்பிள்ளை இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. வசந்தா என்னோடு பேசவில்லை. லாடத்தை மறுபடி நிலையில் அடிக்கும்போது என் விரலில்தான் சுத்தியல் விழுந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், முந்திரி விளைகிற கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து எங்கள் வாசலில் நின்றது. மொட்டை போட்ட அண்ணன் தம்பிகள், கூடவே பெண்டுகள்.

"வானத்துலேர்ந்து பூப் போட்ட பிளேனுக்காரர் வீடு இதுதானுங்களா?"

அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் நழுவினார். மூத்தவர் கையைக் கூப்பினார்.

"அன்னைக்கு எங்க அய்யாவைத் தூக்கிட்டுப் போனோமுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்தது சப்பரம் இல்லை. பாடை.

"அய்யாவுக்கு ஒரு தடவையாச்சும் பிளேன் ஏறணும்னு ஆசைங்க. நான் வெளிநாட்டுல இருந்தேன், கூட்டிட்டுப் போறேன் போறேன்னு நாளைக் கடத்திட்டேன். அவரு ஏறலை. பிளேனே அவரைத் தேடி வந்துருச்சு. எங்க ஊரே சொல்லுது, அவரு புண்ணியவான்னு."

"இல்லைங்க, அது வந்து..." என்று உண்மையைச் சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நான் இடித்த இடியில் மூடிக்கொண்டார். (இப்பதான் தோள் படலாமே.)

மாப்பிள்ளைக்குப் போட ஒரு பட்டுத்துண்டும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். தாம்பாளத்தை வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்பது முறை என்று, வேடிக்கை பார்க்க முன்னால் வந்து நின்ற காத்தாயி கையில் கொடுத்துவிட்டார்கள். சவால் விட்ட அதே கையால் ஏந்தி வந்து மாப்பிள்ளை முன்னால் நீட்டினார். என்னைப் பார்க்கவேயில்லை. நான் இருமினேன், அவ்வளவுதான்.

இப்போது பிளேனில் நல்ல மீட்டர்கள் மாட்டியிருக்கிறார் மாப்பிள்ளை. ஃபோன் பாட்டுக் கேட்க மட்டும். அவர் கூடத்துக்கு வந்தால் நான் எழுந்து ஓடுவதில்லை, எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். பேரப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "எத்தனை பனமர ஒசரம் அம்மாயி?" என்றுதான் கேட்கிறார்கள்.

காத்தாயி மட்டும் ஒரு நாள் தனியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏ செவந்தி, எனக்கும் ஒரு நாள் வரும்ல?"

"அதுக்கென்ன மதினி அவசரம்?"

"அவசரம் இல்லடி, சொல்லி வைக்கிறேன். அன்னைக்கு எனக்குப் பூப் போடப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பாதீங்க. அய்யனாருக்குப் போடப் போறோம்னு கெளம்புங்க. லாடத்தையும் மறக்காமக் கட்டு. அப்பத்தான் எனக்குச் சரியா வந்து விழுகும்."

லாடம் நிலைவாசலில் பத்திரமாக இருக்கிறது. காத்தாயி எப்போது வந்தாலும், தலையைத் தூக்கி அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்கிறார்.