துக்க வீட்டில் ராகம் திருத்தியவன்

பிறர் தப்பைத் திருத்தும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதை ஒரு துக்க வீட்டிலும் காட்டியிருக்கிறேன்.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, சென்னையிலிருந்து எங்கள் ஆபீசுக்குத் தலைமை குமாஸ்தாவாக தேவசகாயம் சார் வந்தார். ஆங்கிலிக்கன் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபைக்காரர். அவருடைய அப்பா இறந்து எட்டாம் நாள், முதலியார்பேட்டை வீட்டில் ஜெபத்துக்குக் கூப்பிட்டார். கத்தோலிக்கனான நான் அவர்கள் ஜெபத்துக்குப் போகக்கூடாது, அந்தக் காலத்துக் கட்டுப்பாடு அப்படி. எங்கள் கோவில் சாமியாருக்குத் தெரியாமல் போனேன். (பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அவரிடமே சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.)

எங்கள் கோவில் பாடகர் குழுவில் நான் ஆறு வருஷ அனுபவஸ்தன். லத்தீன் கீதத்தை முப்பது பேர் பாடினாலும் ஒரே தொண்டை பாடுவதாகக் கேட்க வேண்டும். ஒருவன் ஒரு சுரம் இறங்கினாலும் பாட்டு வாத்தியார் முதுகில் குத்துவார். (பாட்டின் அர்த்தம் அவருக்கும் தெரியாது.)

இங்கே சார், அவர் மனைவி, தங்கை, அண்ணன் நால்வரும் நின்று பைபிள் சங்கீதம் ஒன்றைத் தமிழில் பாடினார்கள். பல வார்த்தைகளை ஒரே சுரத்தில் பேசுவதுபோல் ஓட்டி, வரி முடியும் இடத்தில்தான் ராகத்தைத் திருப்பினார்கள். தங்கை அழகாகப் பாடினார். என் பக்கத்தில் நின்ற அண்ணன் மட்டும் எங்கோ பாதாளத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பாவம், துக்கத்தில் ராகம் தவறிவிட்டது என்று நினைத்தேன். அவர் தோளில் கைபோட்டு, தங்கையின் ராகத்தைக் காதுக்குள் பாடினேன். அவர் நகர்ந்தார். நானும் நகர்ந்து, சத்தத்தைக் கூட்டினேன். மூன்றாம் வரியில் அவர் தடுமாறி நின்றார். மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் அந்த வரியைக் கணீரென்று பாடி முடித்தேன்.

தேவசகாயம் சார் கோபப்படவில்லை.

"நாங்க நாலு பேரும் நாலு குரல்ல, ஆளுக்கொரு சுரத்துல பாடுவோம் தம்பி. அந்தக் கீழ்க்குரல் எங்க அப்பாவோடது. அண்ணன் இன்னிக்குத்தான் மொத தடவையா எடுத்துப் பாடுறாரு."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நான் வாயை இறுக மூடி நின்றேன். மற்ற மூன்று குரல்களையும் தாங்கியது அந்தக் குரல்தான் என்பது அப்போதுதான் என் காதுக்கு எட்டியது.

இதைப் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னது அடுத்த தப்பு. இன்றைக்கும் நான் யாரையாவது திருத்த வாயெடுத்தால், "தோ, காதுல பாட ஆரம்பிச்சுட்டாரு" என்று பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நான் பிடித்திருந்த அந்தத் தோள் நடுங்கிக்கொண்டே இருந்ததை மட்டும் இதுவரை அவர்களிடம் சொல்லவில்லை.