வருஷத்துக்கு ஒரு மிளகு

தீப்பெட்டி காலியாக இருந்தது.

நார்மன் அதைக் கவிழ்த்துத் தட்டினார். உள்பெட்டியை உருவிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் தம்முடைய அறுபத்தெட்டு வயது முழங்கால்களைச் சிரமப்பட்டு மடக்கி, கணப்பின் முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் தவழ ஆரம்பித்தார்.

"டோரீன்! இந்தத் தீப்பெட்டியில இருந்த மிளகு எங்க?"

"எந்த மிளகு?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒத்த மிளகு."

"ஓ, அதுவா? ஸ்டூவுல போட்டுட்டேன். வீட்டுல வெறும் மிளகுத்தூள்தான் இருக்கு, இது ஒண்ணு சும்மா கிடக்கேன்னு எடுத்தேன். ஏன், எதுக்கு இப்படிக் கத்துற?"

"அது மிளகு இல்லம்மா. வாடகை!"

நார்மன் செயலாளராக இருக்கும் பென்னிங்ஃபோர்டு பந்துருட்டுச் சங்கத்தின் விளையாட்டுப் புல்வெளிக்கு வருஷ வாடகை ஒரே ஒரு மிளகு. 'உலர்ந்த முழு மிளகு ஒன்று, ஜூன் இருபத்து நான்காம் தேதி நண்பகலுக்குள், நில உரிமையாளரிடம் அவர் வாசலில்' என்கிறது குத்தகைப் பத்திரம். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். நிலத்தைக் கொடுத்த பிரபு குடும்பத்துக்குப் பணம் வாங்க மனமில்லை. அதனால் சட்டத்தின் வாயை அடைக்க ஒரு மிளகு.

பதினோரு வருஷமாக நார்மன்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். கிழட்டுப் பிரபு மிளகைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கோப்பை ஷெர்ரி ஒயின் ஊற்றிக் கொடுப்பார். போன வருஷம் அவர் காலமாகிவிட, மாளிகையையும் நிலத்தையும் ரூபர்ட் என்பவர் வாங்கினார். குளியல் தொட்டி விற்றுப் பணக்காரரானவர். புல்வெளியைப் பார்த்தபோது அவர் கண்ணுக்குப் புல்லே தெரியவில்லை. பதினாறு வீடுகள் தெரிந்தன.

வீடு கட்ட வேண்டுமானால் சங்கத்தைக் கிளப்ப வேண்டும். கிளப்ப ஒரு குற்றம் வேண்டும். அதுவும் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கவும் டீ போடவும் சங்கத்தார் ஓரமாக ஒரு கொட்டகை கட்டியிருந்தார்கள். "தாராளமா கட்டிக்கோங்கப்பா" என்று பழைய பிரபு வாயால் சொன்னாரே தவிர, எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் கொட்டகை கட்டியதால் குத்தகையை முடித்துக்கொள்கிறேன் என்று ரூபர்ட் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை கோர்ட்டில் விசாரணை.

ஏற்கெனவே ஒரு குற்றம். இதில் வாடகையும் தவறினால் சொல்லவே வேண்டாம். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற நார்மனுக்கு அந்தப் புல்வெளிதான் உயிர். அவருக்கு மட்டுமல்ல, சங்கத்தின் இருபத்து மூன்று பேருக்கும். அவர்களில் சின்னவருக்கே அறுபத்து நாலு வயது. புல்வெளி போனால் எல்லோரும் அவரவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைத்தான் எண்ண வேண்டும்.

இன்றைக்குத்தான் ஜூன் இருபத்து நான்கு. மணி ஒன்பது நாற்பது.

"ஸ்டூவை வடிகட்டு!" என்றார் நார்மன்.

பதினைந்து நிமிஷத்தில் ஆட்டிறைச்சி ஒரு தட்டிலும் கேரட் இன்னொரு தட்டிலும் குழம்பு வாளியிலுமாகப் பிரிந்து நின்றன. வடிகட்டியின் அடியில் மிளகு கிடைத்தது. நன்றாக வெந்து, ஊதிப்போய், பூப்போல மெத்தென்று இருந்தது.

"கிடைச்சிடுச்சே! எடுத்துட்டு ஓடு" என்றார் டோரீன்.

"உலர்ந்த மிளகுன்னு போட்டிருக்கு. இதைக் கொண்டுபோனா அந்த ஆளோட வக்கீல் என்னையும் சேர்த்து வேக வச்சிடுவான்."

"இதுக்கா இவ்வளவு கவலை? இரு."

டோரீன் மாடிக்குப் போய் ஹேர் டிரையரை எடுத்துவந்தார். மிளகைச் சாசரில் வைத்து, முழு வேகத்தில் முடுக்கினார். மிளகு ஒரு முறை உருண்டது. அடுத்த நொடி சாசரில் இல்லை. திறந்திருந்த ஜன்னலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் போட்டிருந்த தார்ப்பாதையில் போய் ஒட்டிக்கொண்டது.

இருவரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள்.

"உலர்ந்துதான் போச்சு" என்றார் டோரீன்.

முனைக் கடையில் வெள்ளை மிளகுத்தூள் மட்டும்தான் இருந்தது. மருந்துக் கடைக்காரர் பெப்பர்மின்ட் மாத்திரையைக் காட்டினார். வறுத்த மீன் விற்பவர் உப்பும் வினிகரும் எவ்வளவு வேண்டுமானாலும் தருவதாகச் சொன்னார். ஊரில் மிச்சமிருந்தது ஜியான்னியின் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான்.

"பெரியவரே, மிளகா? எங்கிட்டயா இல்லாம போகும்!" என்ற ஜியான்னி உள்ளே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். "ஒரு சின்னச் சிக்கல். இருந்த மிளகு மொத்தத்தையும் நேத்து ராத்திரி இதுக்குள்ள கொட்டிட்டோம். புதுசா வந்த பையன் மூடியை முறுக்கு முறுக்குன்னு முறுக்கி வச்சிட்டான். நானும் காலையிலருந்து திருகுறேன், கழல மாட்டேங்குது."

அவர் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தது, சாப்பாட்டு மேசைகளில் மிளகைத் திருகித் தூளாக்கித் தூவும் மரக்கட்டை. மூன்றடி உயரம். வழவழவென்று, தடிமனாக, கறுப்பாக இருந்தது.

"அப்படியே எடுத்துட்டுப் போங்க. சாயந்திரம் ஏழு மணிக்குள்ள திருப்பிக் குடுத்தா போதும்."

நார்மன் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஓட்டுநர் அவரிடம் தொழில் கற்றவர்.

"என்னண்ணே, இன்னிக்கு யாரைப் போட்டுத் தள்ளப் போறீங்க?"

"வாடகை குடுக்கப் போறேன்பா."

"வாடகையை ரொம்பத்தான் ஏத்திட்டாங்க போல."

மாளிகை வாசலை அடைந்தபோது பதினொன்று நாற்பது. மழை தூற ஆரம்பித்திருந்தது. நார்மன் மணியை அழுத்தினார். யாரும் வரவில்லை. கதவிலிருந்த கடிதத் துளையில் போட்டுவிடலாமா என்று பார்த்தால், அதன்மேல் ஒரு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. புது ஆணி. கடிதத் துளைக்கு யாராவது ஆணி அடிப்பார்களா? நார்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து ஜன்னல் அரையாய்த் திறந்திருந்தது. உள்ளிருந்து பேச்சு கேட்டது.

"வந்துட்டான். கையில பெரிய உலக்கை வச்சிருக்கான், வக்கீல் சார்! அடிக்க வந்திருக்கான்!" இது ரூபர்ட்.

"அடிச்சா வாங்கிக்கலாம். வாடகையை மட்டும் வாங்காதீங்க." இது அவருடைய வக்கீல் பெல்லிங்ஹாம். ஒல்லியான, வயதான மனிதர். சிரித்தால்கூட அதற்கும் கட்டணம் எழுதுவார் என்று ஊரில் பேச்சு.

"காலையிலருந்து இதையேதான் சொல்றீங்க. ஏன் வாங்கக் கூடாது?"

"விளக்கம் சொல்ல ஆறு நிமிஷம் ஆகும். ஆறு நிமிஷத்துக்கு முப்பது பவுண்டு."

"ஐயையோ, அப்ப வேண்டாம். வாங்கல, அவ்வளவுதானே? எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் உள்ளயே இருந்தா, வாடகை குடுக்கலைங்கிற குத்தமும் அவன் தலையில விழும்."

பெல்லிங்ஹாம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரூபர்ட் பதறிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். "பேசாதீங்க! பேசாதீங்க! காசு ஓடுது!"

வெளியே நார்மனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஓ, இதுதான் திட்டமா? அவர் ஜன்னலருகே போய்க் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூடியைத் திருகினார். மூடி கழலவில்லை. அடியிலிருந்து தூள்தான் கொட்டியது. காற்று அதை அப்படியே ஜன்னலுக்குள் வாரிக்கொண்டு போனது. உள்ளே பதினோரு தும்மல்கள் கேட்டன.

"வக்கீல் சார், எழுதுங்க! விஷப்புகை!" என்று அலறினார் ரூபர்ட்.

பதினொன்று ஐம்பத்து மூன்று. இனி யோசிக்க நேரமில்லை என்று நார்மன் முடிவு செய்தார். நல்ல மனிதர்கள் அவசரத்தில் எடுக்கும் முடிவு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது இதுவும். கட்டையை இரண்டு கையாலும் ஓங்கிக் கல்படியில் அடித்தார்.

கட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு படி மிளகு படிகளில் சடசடவென்று கொட்டி உருண்டு, மழைத் தண்ணீரில் போய் நின்றது. அத்தனையும் நனைந்துவிட்டது. உலர்ந்த மிளகு வேண்டுமே!

"என் படிக்கட்டு! இத்தாலியிலருந்து வரவழைச்ச கல்லுடா அது!"

கோபத்தில் எல்லாம் மறந்து ரூபர்ட் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். முதல் படியில் காலை வைத்தார். அதற்கப்புறம் கால் வைக்கும் அவசியமே ஏற்படவில்லை. மிச்ச நாலு படிகளையும் உட்கார்ந்தபடியே இறங்கி வந்தார்.

"அடடா, சார்! அடி பட்டுச்சா?" என்று நார்மன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். எதிரியானாலும் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்குத் தெரியாது.

தூக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. வாசல் கூரைக்குக் கீழே, தோட்டக்காரர் விதைத் தட்டுகளை அடுக்கியிருந்த மூலையில், மழை படாமல் ஒரு மிளகு. நார்மன் பாய்ந்து எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இந்த வருஷ வாடகை, சார். உலர்ந்தது, முழுசு, ஒண்ணு."

"கையில வாங்காதீங்க!" என்று பெல்லிங்ஹாம் கதவுக்குள்ளிருந்து கத்தினார்.

ரூபர்ட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாங்க மாட்டேன். இன்னும் மூணு நிமிஷம். நல்லா நில்லு."

"சார், தயவு செஞ்சு... எல்லாம் வயசானவங்க சார். அவங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. வாடகையை ஒழுங்காத்தானே கொண்டு வந்திருக்கேன்."

நார்மன் கையை இன்னும் முன்னால் நீட்டினார். மிளகு உள்ளங்கையில் உருண்டது. ரூபர்ட் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். விதைத் தட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"யோவ், இது மிளகே இல்ல! அந்த மூலையிலதானே எடுத்த? இது ஏதோ பூவிதை!"

"மிளகுதான் சார்!"

"விதை! போலி வாடகை! வக்கீல் சார், இன்னொரு குத்தம் மாட்டிக்கிச்சு, ஏமாத்து வேலை! எழுதிக்கோங்க!"

பதினோரு வருஷ நேர்மையும் சேர்ந்து நார்மனின் மூக்கு நுனிக்கு ஏறியது. "என்னைத் திருடன்னு சொல்லாதீங்க. சந்தேகம்னா நீங்களே கடிச்சுப் பாருங்க!"

"பார்க்கத்தான் போறேன்!"

"வேண்டாம் சார்!" பெல்லிங்ஹாம் குடைகூட இல்லாமல் மழைக்குள் இறங்கினார். படிகளில் மிளகு கிடந்ததால் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வர முடிந்தது.

"நீங்க சும்மா இருங்க, நான் கையால தொடல!" என்றபடி ரூபர்ட், கைகளைப் பின்னால் கட்டியபடியே குனிந்து, குதிரை சர்க்கரைக்கட்டியைக் கவ்வுவதுபோல நார்மனின் உள்ளங்கையிலிருந்து அதை உதட்டால் கவ்வினார். நறுக்கென்று கடித்தார்.

ஒரு வினாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் காது சிவந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமினார், மறுபடி இருமினார். நார்மன் தம் கோட்டுப் பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்து டீயை நீட்ட, வாங்கி மடமடவென்று குடித்தார். எல்லாம் சேர்ந்து உள்ளே இறங்கியது. தேவாலய மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது.

"மிளகுதான்" என்றார் ரூபர்ட், வாயை ஊதிக்கொண்டே. "காட்டமான மிளகு. ஒத்துக்கிறேன். ஆனா என்ன பிரயோஜனம்? மணி பன்னிரண்டு ஆச்சு, என் கையப் பாரு, காலி! வியாழக்கிழமை கோர்ட்டுல பார்த்துக்கலாம், நார்மன். சொல்லுங்க வக்கீல் சார், அவனுக்கு நீங்களே சொல்லுங்க!"

பெல்லிங்ஹாம் கடைசிப் படியில் நின்று, நனைந்த கண்ணாடியைத் துடைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கக்கத்திலிருந்த கேஸ் கட்டை மூடி நாடாவைக் கட்டினார்.

"கொட்டகை கட்டினது தெரிஞ்சும் வாடகை வாங்கிட்டா, அந்தக் குத்தத்தை மன்னிச்சாச்சுன்னுதான் சார் சட்டம் எடுத்துக்கும், அதனாலதான் வாங்காதீங்க வாங்காதீங்கன்னு காலையிலருந்து கத்தினேன், நீங்க என்னடான்னா பன்னிரண்டு அடிக்கிறதுக்குள்ள வாடகையை வாங்கி, கடிச்சு, சரியா இருக்குன்னு சொல்லி, அவங்க டீயையே குடிச்சு முழுங்கியும் முடிச்சிட்டீங்க. இந்த விளக்கத்துக்கு மட்டும் காசு வேண்டாம்."