முழங்கையில் முளைத்த சுண்ணாம்பு

உடம்பில் புதிதாக எது முளைத்தாலும் அதற்கு நாமே ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி குணமான மாதிரி ஒரு நிம்மதி. என் வலது முழங்கையில் கடலைப்பருப்பு அளவுக்கு வெள்ளையாக ஒரு கட்டி வந்தபோது ‘மரு’ என்று பெயர் வைத்தேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவியதில் தோல் உரிந்தது. கட்டி கல் மாதிரி அப்படியே இருந்தது.

“டாக்டர்ட்ட காட்டேன் அக்கா” என்றான் தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? (கணக்குக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.)

அந்தத் தம்பிக்குத்தான் திருக்காட்டுப்பள்ளியில் நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டோடு பெருமையாகத் திரும்பினேன். முழங்கை கதவு நிலையில் இடித்தது. கட்டி உடைந்து, பற்பசை போல ஏதோ வழிந்து வெற்றிலையில் சொட்டியது.

சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கினார். “என்னங்க அது, வெத்தலையில?”

“சுண்ணாம்புங்க” என்றேன். மாப்பிள்ளையின் அக்காவுக்குத் தோல் வியாதி என்றால் சம்பந்தம் நிலைக்குமா?

“நல்லதாப் போச்சு” என்று பெண்ணின் பெரியப்பா அந்த வெற்றிலையையே எடுத்து மடித்தார்.

“ஐயோ, வேணாங்க!” என்று கத்திப் பிடுங்கினேன். தட்டு கவிழ்ந்து தேங்காய் உருண்டது. கூடமே என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மணப்பெண் கயல் எழுந்து வந்தாள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். முழங்கையைத் திருப்பிப் பார்த்து, “இது மரு மாதிரி தெரியல அண்ணி. நாளைக்கு வாங்க, தோல் டாக்டர்ட்ட காட்டுவோம்” என்றாள். பிறகு தன் அம்மாவிடம், “வேற தட்டு வைங்கம்மா, நல்ல நேரம் போவுது.”

கயல் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்கு வெளியே வெள்ளைத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. ரத்தமும் கொஞ்சம் சதையும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

“கால்சியம்ங்க” என்றார் டாக்டர். “தோலுக்கடியில படிஞ்சிருக்கு. அபூர்வமா சிலருக்கு வரும். யாருக்கும் தொத்தாது. ரத்தத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்ப நான் சுண்ணாம்புன்னு சொன்னது...”

“பாதி சரி அண்ணி” என்றாள் கயல்.

கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. கல்யாணமும் நடந்தது. அவர்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் இல்லை, என் முழங்கை எக்ஸ்ரேதான் இருக்கிறது. கேட்பவர்களிடம் கயல் சொல்வாள்: “இந்தக் குடும்பத்துல நான் எடுத்த முதல் போட்டோங்க. அண்ணி அசையாம நின்னது இதுல மட்டுந்தான்.”