சாட்சிக்கு எடுத்த களிமண்

ஏந்தல்புரி என்றொரு நாடு. அங்கே ஏரி ஒன்று, அதிகாரிகள் எழுநூறு. கரை பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் செத்துத் தீர்ந்ததும், ‘கரை அறிந்தோர் வருக!’ என்று அக்கம்பக்கத்து நாடெங்கும் பறையடித்தார்கள். அதை நம்பி வந்தவன்தான் குன்றப்பன். தன் நாட்டில் இருபது வருடம் நாற்பது ஏரிகளைக் காத்தவன். மனைவி செம்பாயியோடும் ஒரு மூட்டையோடும் வந்து, தகுதி மன்றத் தலைவர் முன்னால் கைகட்டி நின்றான்.

“இந்நாட்டுக் கரையில் எத்தனை ஆண்டு பணியாற்றினீர்?”

“இப்பத்தானுங்க ஐயா வந்திருக்கேன்.”

“இந்நாட்டு அனுபவம் இல்லாதவர் இந்நாட்டுக் கரையைத் தொடலாகாது.”

“தொட்டாத்தானுங்களே அனுபவம் வரும்?”

“நல்ல வினா. மன்றம் மூன்றாண்டில் விடையளிக்கும்.”

அதுவரை வயிறு காயக் கூடாதே என்ற கருணையில், அரண்மனை லாயத்தில் குதிரை லத்தி அள்ளும் வேலை கொடுத்தார்கள். மூன்றாண்டு ஆறாயிற்று. அவனுடைய அரசனே நேரில் வந்து சான்று சொல்ல வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. அந்த அரசனைத்தான் விரட்டிவிட்டார்களே என்றான். அப்படியானால் விரட்டியவர்களிடம் வாங்கி வா என்று அடுத்த ஆணை வந்தது.

ஏரிக்குக் கீழே குடிசைத் தெருவில் குடியிருந்தார்கள். “நம்ம ஊரு ஏரிக்கு நீ ராசா மாதிரி இருந்த. இங்க குதிரைகூட உன்ன மதிக்கல” என்று செம்பாயி சிரிப்பாள். அவனுக்கு அழுகை வரும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கூடையோடு கரையடியில் நடந்தபோது வெறுங்காலில் சில்லென்றது. குனிந்து பார்த்தான். நண்டு வளை ஒன்றில் நீர் கசிந்தது. தெளிந்த கசிவென்றால் பயமில்லை. இது கலங்கி வந்தது. கரையின் மண்ணை உள்ளிருந்தே நீர் அரிக்கிறது என்று அர்த்தம். மன்றத்துக்கு ஓடினான்.

“கசிவைக் காணும் தகுதி உமக்கு உண்டா? தகுதியற்றவர் கண்ட கசிவு வதந்தி” என்றார் தலைவர். கரையைப் பற்றிப் பேசுவோர்க்குச் சவுக்கடி என்று அன்றே ஆணையும் போட்டார். அதன்பின் ஊரில் யாரும் ஏரிப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குன்றப்பன் தானே ஏரிக்குள் முங்கி, வளையின் வாயைத் தேடிக் களிமண்ணும் வைக்கோலும் திணித்தான். கசிவு நின்றது. கரையேறியதும் காவலர் பிடித்துக்கொண்டார்கள். அனுமதியின்றிப் பழுது பார்த்தது குற்றம். குற்றத்துக்குச் சாட்சி வேண்டும். ஆகவே அடைத்த களிமண்ணை ஒரு பிடி மிச்சமில்லாமல் தோண்டியெடுத்து, துணியில் கட்டி, அரக்கு வைத்து மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் கரை உடைந்தது. குடிசைத் தெரு முழுக்கப் போயிற்று. செம்பாயியும் போனாள். சிறை மேட்டில் இருந்ததால் அந்தப் பாவி பிழைத்தான்.

மன்றத்தில் குற்றப்பத்திரம் வாசித்தார்கள்: “கரைக்கலையில் இருபதாண்டு தேர்ந்த வல்லுநராகிய குன்றப்பன், அறிந்திருந்தும் கரையைக் காக்கத் தவறினார். தண்டனை தூக்கு.”

“ஐயா, அந்த முதல் வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க.”

படித்தார்கள்.

“அதுக்கு முத்திரை உண்டுங்களா?”

“அரச முத்திரை. எந்நாட்டிலும் செல்லும்” என்றார் தலைவர் பெருமையாக.

“செம்பாயி இருந்தா காட்டியிருப்பேன்” என்றான் குன்றப்பன்.

அவனைத் தூக்கிலிட்ட காலையில் எல்லையில் மறுபடியும் பறை கேட்டது: ‘கரை அறிந்தோர் வருக!’