சாய்தளத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்

மனித குலத்தின் வரலாறு என்பது தடைகளைத் தகர்த்தவர்களின் வரலாறு. அந்த வரிசையில் தன் பெயரும் பொறிக்கப்படப் போகிறது என்பதில் தலைமையாசிரியர் ஹரலாம்பி பெஷெவுக்குச் சந்தேகமே இல்லை. இப்போதைக்கு, பள்ளி வாசலில் அவர் புதிதாகக் கட்டிய சாய்தளத்தின் நடுவில், அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, உடற்பயிற்சி ஆசிரியர் போத்யோ அலறிக்கொண்டிருந்தார்.

"விட்டுடாதீங்க சார்! இதுல பிரேக் கிடையாது!"

பெஷெவ் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். போத்யோ ரோஜாப் பாத்தியில் போய்ச் சேர்ந்தார்.

"சரிவு கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றார் பெஷெவ்.

"கொஞ்சமா? கூரைக்கு ஏணி வச்ச மாதிரி இருக்கு!" என்றது பாத்தி.

தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் நெவெனா. ஏழாம் வகுப்புக்குப் போகிறவள். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் நாளில் போத்யோ அவளைக் கையில் ஏந்திப் படியேறுவார். ஊர் பேண்டு வாசிக்கும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். போன வருடம் ஒருத்தி "ஐயோ பாவம்" என்று வாயில் சாக்லேட்டைத் திணித்துவிட்டாள். "இந்த வருஷம் எவனாவது தூக்கினா கடிச்சு வச்சிடுவேன்" என்று நெவெனா வீட்டில் அறிவித்திருந்தாள். செய்தி போத்யோவுக்கும் போயிருந்தது.

"சார், ஒரே ஒரு விஷயம்..."

"நீ கவலையே படாதே கண்ணு. எல்லாம் உனக்காகத்தானே!" அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு பெஷெவ் உள்ளே போனார்.

தடைகளைத் தகர்ப்பதை அவர் தன் அறையிலிருந்தே தொடங்கியிருந்தார். நடுச்சுவர் ஒன்றை இடித்ததில் அது இப்போது இரண்டு மடங்கு ஆகியிருந்தது. சிவப்புக் கம்பளம், ரோஜாவைப் பார்த்த ஜன்னல். பியானோவே வைக்கலாம். பியானோதான் இல்லை.

சரிவைக் குறைக்கச் சாய்தளத்தை நீட்டினார்கள். அது பள்ளி நிறுவனரின் சிலையில் போய் முட்டியது. சிலையைச் சுற்றி வளைத்தார்கள். வளைவில் நாற்காலி திரும்பவில்லை. எனவே நிறுவனரைத் தூக்கிக் கழிவறைக்குப் பின்னால் வைத்தார்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி வந்து ஒரு மணி நேரம் கத்திவிட்டுப் போனாள்.

அதற்குள் மேயர் வருவது உறுதியாயிற்று. மேயர் மிதிக்கப் போகும் இடம் வெறும் சிமெண்டாக இருக்கலாமா? நகராட்சி அலுவலகத்தில் இருப்பதுபோல வழுவழுப்பான கிரானைட் வந்து இறங்கியது. தன் உரை கடைத்தெரு வரை கேட்கட்டும் என்று புது ஒலிபெருக்கியும் வாங்கினார் பெஷெவ்.

"வழுக்காதா சார்?" என்று கேட்டாள் செயலாளர் ஸ்டெஃப்கா.

"மூஞ்சி தெரியுது பாரு அதுல!"

நெவெனா மறுபடி வந்தாள். "சார், ஒரே ஒரு..."

"கலர் பிடிக்கலையா?"

"கலர் நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"அப்புறம் என்ன!"

செப்டம்பர் பதினைந்து, பள்ளி திறக்கும் நாள். கொடி, பேண்டு, கை நிறைய டாலியாப் பூக்களோடு பிள்ளைகள். மேயர் கத்தரிக்கோலோடு சாய்தளத்தில் கால் வைத்தார். புதுக் கல்வியாண்டு தண்ணீர் போலத் தடங்கலின்றி ஓடவேண்டுமே! வருடா வருடம் செய்வதுபோல ஸ்டெஃப்கா செம்பு வாளியைத் தூக்கி வாசலில் கொட்டினாள். படிகளாக இருந்தவரை அந்தத் தண்ணீர் யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

மேயர் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். வழியில் டிரம்பெட்காரரையும் கூட்டிக்கொண்டார்.

நெவெனா கீழே பிரேக்கைப் போட்டு நின்றாள். பழக்கதோஷத்தில் போத்யோவின் இரண்டு கைகளும் நீண்டன.

"சார், கடிச்சிடுவேன்."

"தெரியும்மா," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார் போத்யோ. "கை தானா வருது, நான் என்ன பண்ண?"

பேண்டுக்காரர்கள் வழக்கமான சோகப் பாட்டுக்கு வாத்தியத்தைத் தூக்கினார்கள். பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். நெவெனாவின் உதடு லேசாகத் துடித்தது. பெஷெவ் அதைப் பார்த்தார். உரையைச் சட்டைப்பையில் செருகிவிட்டுத் தன் அறைக்கு ஓடினார். சிவப்புக் கம்பளத்தைத் தரதரவென்று இழுத்து வந்து ஈரத்தின்மேல் விரித்தார். அது நழுவாமலிருக்கப் புதுக் கோட்டு சூட்டோடு ஓரத்தில் மண்டி போட்டு அமுக்கிக்கொண்டார்.

"இப்ப போ, கண்ணு."

நெவெனா பிரேக்கை எடுத்தாள். சக்கரத்தைத் தள்ளினாள்; மூச்சு வாங்கினாள்; மறுபடி தள்ளினாள். வாத்தியங்கள் வாசிக்க மறந்தன. அவள் மேலே போய்த் திரும்பி நின்றபோது யாரும் அழவில்லை. பையன்கள் விசிலடித்தார்கள்.

நனைந்த முழங்காலோடு பெஷெவ் மேலே வந்தார். ஒலிபெருக்கியின் மைக்கை அவளிடமே நீட்டினார்.

"கோடை முழுக்க என்னமோ சொல்ல வந்தியேம்மா. இப்ப சொல்லு. ஊரே கேக்கட்டும்."

"தேங்க்ஸ் சார். நீங்க சுவரை இடிச்சு உங்க ரூமோட சேத்துக்கிட்டது எங்க வகுப்பு. எங்களை மூணாவது மாடிக்கு மாத்திட்டீங்க. அங்க நான் எப்படிப் போறது?"

புது ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது.