சுருதி நின்றால்தான் கல்யாணம்

உலகத்தில் எல்லாரும் கித்தாரை முன்பக்கமாகத்தான் பார்ப்பார்கள். அதைக் குப்புறப் போட்டு, முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து நலம் விசாரித்த ஒரே மனிதரை நான் கேமரன் மலையில் பார்த்தேன். அவர் கியர் அண்ணன்.

திரிங்காப் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரி அவருடையது. அதனால்தான் 'கியர்' என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ரிங்லெட்டை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூட உண்மை தெரியும். சில எலெக்ட்ரிக் கித்தார்களில், கம்பிகள் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ் அசையும். அதிலிருந்து ஒரு கைப்பிடி, லாரி கியர் மாதிரியே, துருத்திக்கொண்டு நிற்கும். அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து, ஸ்வரம் குழைந்து கீழே இறங்கும். கையை எடுத்தால், முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துப் பழைய சுருதிக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அண்ணன் வாழ்க்கையில் கேட்டது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. அண்ணன் முன்னணிக் கித்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக உட்கார்ந்து, கோலாலம்பூருக்கு எப்போது ஓடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நான் பேஸ் கித்தார். டிரம்ஸ் ஒருவர், பாடகர் ஒருவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதையும் விடமாட்டோம்.

வினை, கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கங்காணியின் மகன். மாப்பிள்ளையின் தங்கை கமலா அக்கா. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை என்பதை வைத்தே விஷயம் தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்று அக்கா முன்வரிசையில் நின்றார். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைப்பிடியை அழுத்து அழுத்து என்று அழுத்தினார். இறங்கிப் போன சுருதி திரும்பி வரவில்லை. பாடகர் ஒரு பக்கம் போக, கித்தார் இன்னொரு பக்கம் போக, சமையல் கொட்டகை நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

கங்காணி மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா, ஒரு பாட்டு முடியிற வரைக்கும் நிக்க மாட்டேங்குது உன் சாமான். நீ எங்கப்பா குடும்பத்துல நிக்கப்போறே?"

சபை சிரித்தது. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், எதிரே இருந்த முனீஸ்வரர் கோவிலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"முனியாண்டி மேல சத்தியம்! சுருதி நிக்கிற கித்தாரோட வந்துதான் உங்க பொண்ணைக் கேப்பேன்!"

அதுவரை யாரும் பெண் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஆனால் முனியாண்டி மேல் செய்த சத்தியத்தை எங்கள் தோட்டத்தில் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கையெழுத்துப் போட்ட மாதிரி.

மறுநாள் ஆபீசுக்குப் பால் டின் வாங்க வந்த கமலா அக்கா என்னிடம் பொரிந்தார்.

"என்னைக் கேட்டா சத்தியம் பண்ணாரு? மாமியார் கொடுமை கேள்விப்பட்டிருக்கேன் தம்பி. கித்தார் கொடுமை இப்பத்தான்லா பாக்குறேன்."

அன்றிலிருந்து வேட்டை. ஈப்போவில் முட்டைக்கோஸை இறக்கியதும் அண்ணன் மனிதராக இருக்கமாட்டார். பழைய சாமான் கடை, ஹோட்டலில் வாசிக்கும் பாண்டுக்காரர்கள், சலூன்காரர், சவப்பெட்டிக் கடைத் தவுக்கே முதலாளியின் மகன் என்று யாரிடம் கித்தார் இருந்தாலும் வாசலில் போய் நிற்பார். தன் கித்தாரைக் கொடுத்து அவர்கள் கித்தாரை மாற்றிக்கொண்டு வருவார். வாங்குவதற்கு முன் கைப்பிடியை அழுத்தி, காதை மரத்தோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர்கள்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்கமாட்டார்கள்.

"தம்பி, இதுதான்டா அது!" என்று ஒவ்வொரு முறையும் தந்தி அடிக்காத குறையாகச் சொல்லுவார். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, சாக்லேட் நிறத்தில் ஒன்று, எருமை கனத்தில் ஒன்று. எல்லாம் ஈப்போவில் தங்கம். மலையடிவாரத் தாப்பாவில் நிறுத்திப் பார்த்தால் தங்கம். மலையேறி லயத்துக்கு வந்து, சாயங்காலம் மேடையில் கைப்பிடியை அழுத்தினால், இறங்கிய ஸ்வரம் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றுவிடும்.

"ஏத்தம் ஒத்துக்கல" என்றார் அண்ணன். "இத்தனை வளைவு. மனுசனே வாந்தி எடுக்கிறான். கித்தார் என்ன பண்ணும்?"

அடுத்த கித்தாரை ஓட்டுநருக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்து, கிளீனரைப் பின்னால் காலிக் கூடைகளோடு அனுப்பினார். பலனில்லை. அதற்கடுத்ததற்கு, லாரிக்குள்ளேயே சாரோங் துணியில் தூளி கட்டினார். வளைவு திரும்பினால் தூளிதான் ஆடும், உள்ளே இருப்பதற்குத் தெரியாது என்பது கணக்கு. வழியில் நிறுத்திய போலீஸ்காரர் தூளியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பேபியா?" என்றாராம். "இப்பத்தான் தூங்குச்சி" என்றாராம் அண்ணன். போலீஸ்காரர் நுனிக்காலில் நடந்துபோய்த் தடுப்பைத் தூக்கிவிட்டார்.

தூளியில் வந்த பிள்ளையும் மேடையில் சொதப்பியது.

இதற்குள் கங்காணிக்குப் பொறுமை போய்விட்டது. கீழே சுங்கை ஊரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகவும், திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாகவும் லயத்தில் சேதி பரவியது. கமலா அக்கா ஆயாக் கொட்டகையில் தாலாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் தூங்காமல் கத்தின.

திருவிழா அன்று மத்தியானம் அண்ணன் ஒரு மஞ்சள் கித்தாரோடு வந்து இறங்கினார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. சாயங்காலம் கோவில் திடலில் பனி இறங்க ஆரம்பித்தது. மேடைக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேரும் நின்றிருக்க, அவர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சுருதி இறங்கியது. கையை எடுத்தார். வாசலிலேயே நின்றது.

அண்ணன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கமலா அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. குனிந்து அந்தக் கித்தாரை முதல்முறையாகப் பார்த்தார்.

"இது என்ன, வெள்ளையா அப்பிக்கிட்டு?"

"எண்ணெய். பிரிட்ஜ் சுளுவா அசையணும்ல. எல்லாக் கித்தாருக்கும் போடுவேன்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய்தான்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அண்ணன் பக்கத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அட கடவுளே! இந்தக் குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையாம என்ன செய்யும்? காலையில தலை வாரறதுக்கு முன்னாடி போத்தலை அடுப்போரம் வெக்காத பொம்பளை இந்த மலையில இருக்காளா? நீங்க பார்த்ததே இல்லியா?"

அண்ணன் பார்த்ததில்லை. அவர் எண்ணெய் போத்தல் லாரியில் எஞ்சின் மூடியின்மேல் இருக்கும். எப்போதும் சூடு. கீழே ஈப்போவில் வெயில். மேலே வந்து எஞ்சின் ஆறி, பனி இறங்கியதும், பிரிட்ஜின் மூட்டிலும், கம்பி போகும் காடிப் பள்ளத்திலும் எண்ணெய் மெழுகாகப் பிடித்துக்கொண்டுவிடும். அங்கே நின்ற எங்கள் தலைகளிலெல்லாம் அதே எண்ணெய்தான். எங்கள் அம்மாக்கள் உருக்கிக் கொடுத்தது.

"தம்பி, ஓடு. எங்க வீட்டுத் தையல் மெசின் எண்ணெய் எடுத்துட்டு வா. நீங்க மண்ணெண்ணெயில தொடைங்க. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா சுங்கைக்காரன் வந்துருவான்!" என்றார் அக்கா.

அன்று அண்ணன் வாசித்ததை எப்படிச் சொல்வது. இரண்டாவது பாட்டின் நடுவில் கைப்பிடியைக் கம்பிகள் தொளதொளக்கும் வரை அழுத்தினார். திடல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தார். சுருதி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

கங்காணிக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"என்னா, நின்னுச்சா?"

"நின்னுச்சி கங்காணி!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

"சரி விடு. சுங்கைக்காரங்களை வரவேணாம்னு சொல்லிடறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அண்ணன் மனம் ஒரு விஷயத்தில் ஆறவில்லை. இத்தனை நாள் கைமாற்றிவிட்ட கித்தார்கள் ஒன்றுகூடக் குற்றவாளி இல்லையே. புது மனைவியை லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய், ஒவ்வொரு கித்தாரையும் தேடிப் பார்த்து, ஒரு நிமிஷம் மடியில் வாங்கித் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சலூன்காரர் வீட்டுல மீன் சோறு போட்டாங்க" என்று அக்கா பெருமையாகச் சொன்னார். "இவரு அந்தச் சிவப்புக் கித்தார்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. நான் வெளியே பாக்குற மாதிரி இருந்துட்டேன்."

பிறகு சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டமாகிவிட்டது. தேட ஒன்றுமில்லாமல் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிறு காலை நான் கோலாலம்பூர் வேலைக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். அண்ணன் மஞ்சள் கித்தாரைத் துடைத்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது.

"ஏங்க, நேத்து வாசிச்சப்போ லேசா இறங்கின மாதிரி இருந்துச்சே?"

அண்ணன் நிமிர்ந்தார். முகத்தில் விளக்கு எரிந்தது. கைப்பிடியை அழுத்தி விட்டார். காதை மரத்தில் வைத்தார்.

"தம்பி, உனக்கு நல்ல காது. நீ சொல்லுடா. இறங்கியிருக்கா?"

சுருதி மயிரிழை பிசகவில்லை. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். கமலா அக்கா புதுச் சேலை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, ஈப்போ பயணத்துக்கான கூடையோடு தயாராக நின்றிருந்தார்.

"கொஞ்சம் இறங்கித்தான் இருக்குண்ணே" என்றேன்.