மோதிரவிரல் சாரும் நான்கு கால் ராட்சதனும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இரவல் மெஷினை வைத்து ரேணிகுண்டாவில் வெல்டிங் பட்டறை ஆரம்பித்தேன். புத்தூர் கல்யாண மண்டபத்துக்குக் கூரை போட்டேன். புயல் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பியது. நான் செய்த கருட வாகனங்களைப் பார்த்தால் நிஜக் கருடனுக்கே பொறாமை வரும். இப்பேர்ப்பட்ட என்னை என் பட்டறையிலேயே நான்கு காலில் நடக்கவிட்ட ஒரே ஆள், மோதிரவிரல்.

சித்தூரில் காலேஜ் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கி அளவு உயரமான ஒரு ஜந்து பறந்ததாம். அதன் இறக்கை முழுவதும் ஒரே விரலில் தொங்கியதாம். அதைச் சொல்ல எந்நேரமும் மோதிர விரலைத் தூக்கிக்கொண்டே இருப்பார். ஓட்டலில் சர்வருக்கும் காட்டுவார். அவன் இன்னொரு இட்லியை வைத்துவிட்டுப் போவான்.

நாயுடுபேட்டை ஹைவேயில் புது ஓட்டல் கட்டிய முதலாளி ஒருவர், வாசலில் நிறுத்த அந்த ஜந்துவைச் செய்யச் சொன்னார். விஷயம் தெரிந்து மோதிரவிரல் சித்தூர் பஸ்ஸில் வந்து குதித்தார். அதற்குள் நான், கைப்பழக்கத்தில், இரண்டு காலில் நிறுத்தி, இறகெல்லாம் செதுக்கி, கூப்பிய கைகளையும் வைத்துவிட்டேன்.

"இன்னா மேஸ்திரி, யார கும்பிட்டுக்கினு நிக்குது?"

"பெருமாளத்தான் சார். இந்த ஊர்ல றெக்க வச்சது வேற யார கும்பிடும்?"

"அய்யோ! இது பறவையே இல்லய்யா, ஊர்ற ஜாதி. இறகு கெடையாது, தோலு. றெக்கய மடிச்சி, கைய ஊணி, நாலு கால்ல நடக்கும். கொக்கு மாதிரி குனிஞ்சி, குட்டி டைனோசர லபக்குனு துன்னும்!"

நான் சிரித்தேன். உடனே இரண்டு குழாய்களை ஊன்றி நடந்து காட்டினார். எனக்கும் இரண்டு கொடுத்தார். இருவரும் பட்டறையைச் சுற்றிவந்தோம். டீ கொண்டுவந்த டீக்கடை அம்மா வாசலிலேயே டீயை வைத்துவிட்டு ஓடினாள்.

"எப்படி சார் பறக்கும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"கையாலயே எகிறும்!" என்று எகிறினார். பெயிண்ட் டின்களின் மேல் இறங்கினார். தீபாவளி வரை அவர் காது பச்சையாகவே இருந்தது.

கும்பிட்ட கைகளை அறுத்தேன். இறக்கையை மடித்து நான்கு காலில் நிறுத்தினேன். முதலாளி வந்து கொதித்தார். "ஏமய்யா மேஸ்திரி, நனைஞ்ச குடை மாதிரி நிக்குது? றெக்க விரிச்சாதான் செல்ஃபி எடுப்பான். விரிக்கலன்னா எனக்கு வேணாம்!"

லாரியில் மடித்துத்தான் போக முடியும், அங்கே போய் விரித்துக்கொள்ளலாம் என்று விரல் மூட்டில் கீல் வைத்துத் தருவதாகச் சமாதானம் சொல்லி அனுப்பினேன். மோதிரவிரல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலேஜ்ல அத்தினி பேரும் சிரிச்சானுங்க மேஸ்திரி. அது நடந்த மாதிரியே, நின்ன உசரத்துல, ஒருவாட்டி அண்ணாந்து பாக்கணும். அவ்ளோதான். விரிச்சிவுட்டா அது வெறும் பட்டம்."

சொன்னபடி கீலை வைத்தேன்.

ஸ்ரீகாளஹஸ்தி தாண்டியதும் ஜனங்கள் லாரியை மறித்துக் கற்பூரம் ஏற்றினார்கள். "தேவுடு காதம்மா, சாமி இல்ல, இது ஊர்ற ஜாதி!" என்று மேலிருந்து கத்தினார் மோதிரவிரல்.

"எந்த ஜாதியா இருந்தா இன்னாய்யா, சாமி சாமிதான்" என்று ஒரு அம்மா தேங்காயை உடைத்தாள்.

நாயுடுபேட்டையில் கிரேன் இறக்கி நிறுத்தியது. "விரி" என்றார் முதலாளி. இழுத்தேன். அசையவில்லை.

"துரு புடிச்சிச்சி சார்."

"புதுக் கீலு எப்படிய்யா துரு புடிக்கும்?"

"ஹைவே காத்து சார்."

திருப்பி ஏற்றச் சொல்ல அவர் வாயைத் திறந்த நேரம் திருப்பதி யாத்திரை பஸ் ஒன்று நின்றது. பஸ் மொத்தமும் இறங்கி அதன் கால்களுக்கு நடுவே புகுந்து அண்ணாந்து பார்த்தது. பிறகு மொத்தமும் ஓட்டலுக்குள் போனது. முதலாளி வாயை மூடிக்கொண்டார். மோதிரவிரலும் அண்ணாந்தார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அங்கே 'சிங்கப்பூர் இறக்குமதி' என்று போர்டு தொங்குகிறது. யாராவது அதைக் கழற்றுங்கள். ஆர்டர் போனாலும் போகட்டும் என்று, லாரி ஏறும் முன்பே அந்தக் கீலைப் பற்றவைத்து மூடியவன் நான். என் பெயரைப் போடுங்கள். மேலே, தலைப் பக்கம், மோதிரவிரல் சார் பெயர் பெரிதாக இருக்கட்டும். என் பெயர் கால் பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து நிற்கும் இடம் அதுதான்.